பழைய வீட்டைப் புதுக்குதல்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. புது வீடு கட்டுவோர் படும் பாட்டை அது உணர்த்துகிறது. பழைய வீட்டைப் பழுது பார்ப்போர் படும் பாடோ இன்னும் நுட்பமானது. புது வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது முன்னரே தெரியும். பழைய வீட்டிலோ, பூச்சை உதிர்த்த பிறகே சுவரின் நிலையும், ஓட்டைப் பிரித்த பிறகே கைமரத்தின் நிலையும் தெரிய வருகின்றன. ஆதலால் இவ்வேலைக்குப் பணத்தைக் காட்டிலும் பொறுமையும் முறையும் மிகுதியாக வேண்டும். அம்முறையை எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நம் அங்கத்தினர்களிற் பலர் தந்தை, பாட்டன் காலத்து ஓட்டு வீடுகளில் வாழ்கின்றனர். நெசவாளருக்கு வீடே தொழிற்கூடம். கூரை ஒழுகினால் பாவு நனைகிறது. சுவரில் ஓதம் ஏறினால் தறியின் இரும்புப் பகுதிகள் துருப்பிடித்து, அத்துரு நூலிற் கறையாகப் படிகிறது. தறிக்குழியில் ஊற்றெடுத்தால் நெசவே நின்றுவிடுகிறது. விவசாயியின் வீட்டிலும் விதை மூட்டை ஈரம் கண்டால் அடுத்த போகத்தின் முளைப்பே ஐயத்துக்கிடமாகும். ஆகவே நம்மவர்க்கு வீட்டைப் பழுது பார்ப்பது பகட்டுக்காகச் செய்யும் காரியம் அன்று. பிழைப்பைக் காத்துக்கொள்ளும் காரியம்.

நாம் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் இருவகைப் பிழைகளைக் காண்கிறோம். முதலாவது, சற்றே பழுதுற்ற வீட்டை முற்றிலும் இடித்து, தாங்க இயலாத கடன் பெற்று, பாதிச் சுவரோடு வேலையை நிறுத்திவிடுவது. நூலுக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனை வீட்டிற் செலவிட்டு, தவணை வரும்போது தறியும் ஓடாமல், வயலும் விளையாமல் திகைப்பது இதன் தொடர்ச்சி. இரண்டாவது, பழுதை அறியாமல் அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் வண்ணமும் தீட்டி மறைத்துவிடுவது. இதற்குச் செலவு குறைவு; ஆனால் சில மழைக்காலங்கள் கழிந்ததும் பூச்சு பொரிந்து, மறைத்த பழுது முன்னிலும் பெரிதாய் வெளிப்படுகிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. குடும்பத்தார் தம் கையால் இயன்றதைச் செய்து, இயலாததைத் தேர்ந்த தொழிலாளரிடம் விட்டு, ஆண்டொன்றில் முறைப்படி முடிப்பது. அம்முறையை ஒரே வரியிற் கூறிவிடலாம்: முதலில் நீரைத் தடுக்க வேண்டும், அடுத்துச் சுவரைத் தேற்ற வேண்டும், அழகு செய்வது கடைசியில். இவ்வரிசையை மாற்றினால் செலவிட்ட பணம் வீணாகும்.

1. தொடங்குமுன் அறிய வேண்டியவை

முதலில் வீடு யாருடையது என்பது தெளிவாக வேண்டும். பங்கு பிரியாத பூர்விக வீட்டில் ஒருவர் தம் பணத்தையும் உழைப்பையும் இட்டுவிட்டு, பின்னர் உடன்பிறந்தாரோடு வழக்காடுவது நாம் பல ஊர்களிற் கேட்கும் செய்தி. எனவே பங்காளிகள் யாவரும் கூடி, செலவு யாருடையது, பாகம் பிரியும்போது அதை எவ்வாறு கணக்கிடுவது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளல் நலம். உடன்பிறந்த சகோதரிகளுக்கும் பங்குண்டு என்பதை மறத்தலாகாது.

அடுத்து, வீட்டை மழையிற் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையே நமக்குச் செலவில்லாத பரிசோதகர். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஈரம் தெரிகிறது, முற்றத்து நீர் எப்பக்கம் ஓடுகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்க. ஈரம் காணும் இடமே அதன் காரணத்தைச் சொல்லும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் நெடுகப் பட்டையாகத் தெரிந்தால், அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். சுவரின் தலைப்பிலிருந்து கீழ்நோக்கி வழிந்தால், அது கூரையின் குற்றம். குளியலறையை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் கோடையிலும் காயாதிருந்தால், அது குழாயின் கசிவு.

வெடிப்புகளையும் அப்போதே சோதிக்கலாம். வெடிப்பின் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதி வைக்கவும். ஆறு மாதமாகியும் கண்ணாடி உடையாதிருப்பின் அது பழைய வெடிப்பு, அடைத்துவிடலாம். உடைந்துவிடின் சுவர் இன்னும் நகர்கிறது என்பது பொருள். அதற்குப் பொறியாளரை அழைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரிலும் மூலைகளிலும் அரசங்கன்று, ஆலங்கன்று முளைத்திருந்தால் ஒடித்துவிட்டு அமைதல் கூடாது. ஒடித்த கன்று வேரில் மீண்டும் தழைத்துச் சுவரைப் பிளக்கும். வேரோடு களைந்து, அந்த இடத்தைச் சாந்தால் அடைக்க வேண்டும்.

2. கூரை

கூரையை விட்டுச் சுவரைத் தொடுபவர் ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பவர்.

நம் ஓட்டு வீடுகள் இருவகை. கவிழ்ந்தும் மலர்ந்தும் அடுக்கப்படும் நாட்டு ஓடு ஒன்று. ஒன்றோடொன்று கொளுவி நிற்கும் மங்களூர் ஓடு மற்றொன்று. 1865இல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து இவ்வகை ஓடு தென்னாடெங்கும் பரவியது. நாட்டு ஓட்டைக் குரங்கும் பூனையும் நகர்த்திவிடும். ஆண்டுக்கொரு முறை ஒழுங்கு செய்தல் வேண்டும். மங்களூர் ஓட்டில் உடைந்ததை மட்டும் எடுத்து மாற்றினாற் போதும். 100 சதுர அடிக் கூரைக்கு ஏறத்தாழ 140 முதல் 150 ஓடு செல்லும். வாங்கும்போது பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டு செல்க. வெவ்வேறு தொழிற்சாலைகளின் ஓடுகள் அளவிற் சற்றே மாறுபடுவதால், புதியது பழையதோடு கொளுவாது போகலாம்.

ஒழுக்கு பெரும்பாலும் மூன்று இடங்களில் தோன்றும்: முகட்டோடுகளின் சந்து, இரு கூரைகள் கூடும் கூடுவாய், கூரை சுவரைத் தொடும் விளிம்பு. கூடுவாயில் சேர்ந்த சருகை மழைக்கு முன் அள்ளுவது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமையால் அழுகிய கைமரங்கள் மிகப் பல.

ஓட்டை மாற்றுமுன் கைமரங்களையும், ரீப்பர் என வழங்கும் குறுக்குச் சட்டங்களையும் கத்தி முனையாற் குத்திப் பார்க்க வேண்டும். முனை அரை அங்குலம் எளிதில் இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. ரீப்பரைக் குடும்பத்தாரே மாற்றலாம். கைமரமும் உத்தரமும் அவ்வாறல்ல. அவற்றைத் தச்சர் முட்டுக் கொடுத்து மாற்றுவதே முறை. ஓட்டின்மேல் நேராகக் கால் வைத்தல் ஆகாது. நீண்ட பலகையைக் கைமரங்களின்மேற் படுமாறு கிடத்தி, அதன்மேல் நிற்க வேண்டும். மழை நாளிலும், தனித்தும் கூரை ஏறலாகாது.

பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் விளைவிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. தகட்டை அறுப்பதும், துளையிடுவதும், உடைப்பதும் கண்ணுக்குத் தெரியாத இழைத் தூளை எழுப்பும். அகற்ற நேரின், விவரமறிந்த ஆளைக் கொண்டு, நன்கு நனைத்து, உடையாமல் முழுத் தகடாக இறக்கச் செய்யவேண்டும். குழந்தைகள் அருகில் இருத்தலாகாது.

3. சுவரடி நீர்

கூரை ஒழுகவில்லை, ஆயினும் சுவர் நனைகிறது. ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 557 லிட்டர் நீர் இறங்கும். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் 5,570 லிட்டர். இவ்வளவும் இறவாரத்தின் வழியே சுவரடியில் விழுந்து தேங்குமானால், அச்சுவர் எவ்வாறு உலரும்?

சுவரிலுள்ள நுண்துளைகள் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் நிலத்து நீரை உறிஞ்சுகின்றன. ஏறிய நீர் காற்றில் உலரும்போது அதிலிருந்த உப்பு மட்டும் சுவரில் தங்கிப் பூக்கிறது. அவ்வுப்பே பூச்சைப் பொரியச் செய்து தள்ளுகிறது. ஆகவே பூச்சை மாற்றுவது நோயின் அடையாளத்தைத் துடைப்பதே. சுவரடி நீரை விலக்குவதே மருந்து.

இதற்கு வேண்டுவது மண்வெட்டியும் உழைப்புமே. சுவரை ஒட்டி உயர்ந்து கிடக்கும் மண்ணையும் குப்பையையும் அகற்றுக. சுவரிலிருந்து மூன்றடி தூரத்துக்கு, அடிக்கு ஓர் அங்குலம் வீதம் வெளிப்புறம் சரியுமாறு தரையைக் கெட்டிப்படுத்துக. இறவாரத் தண்ணீரைத் தகரத் தாழ்வாயிலேனும் குழாயிலேனும் பிடித்துத் தொலைவில் விடுக. அடித்தளத்தை ஒட்டி ஆழமாகத் தோண்டுதல் மட்டும் கூடாது. அது சுவரையே சாய்த்துவிடும்.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கான உறிஞ்சு குழியைச் சிலர் இடமில்லை என்று சுவரோரத்திலேயே தோண்டிவிடுகின்றனர். பழைய மண் சுவருக்கும் தறிக்குழிக்கும் இது பகை. இயன்றவரை பத்தடியாவது தள்ளி அமைத்தல் வேண்டும். மேலும், பல ஊர்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை இடுவதால், தெரு உயர்ந்து வீடுகள் பள்ளமாகிவிடுகின்றன. இதற்குத் தனி வீட்டார் செய்யக்கூடியது சிறிதே. தெருவார் ஒன்றுகூடி, வேலை தொடங்குமுன்னரே உள்ளாட்சி மன்றத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும்.

4. சுண்ணாம்பும் சிமெண்டும்

எந்தச் சுவருக்கு எந்தச் சாந்து என்பதே பழைய வீட்டு வேலையின் உயிர்நிலை. செங்கற்களின் இடையேயுள்ள சாந்திற் சிறிது பெயர்த்து நீரில் இடுக. கரைந்து சேறானால் அது மண் சாந்து. வெண்மையாகி, நகத்தாற் சுரண்ட உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து. சாம்பல் நிறமாய், நகத்துக்கு அசையாதிருந்தால் சிமெண்டு.

இன்று நாம் சிமெண்டு என வழங்கும் போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அதற்கு முன்னும், அதற்குப் பின் நெடுங்காலமும் நம் நாட்டுக் கொத்தனார்கள் சுண்ணாம்பையே நம்பினர். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 பாகை வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை நீரிட்டு நீற்றி, மணலோடு கலந்து பூசியதும், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. அது இறுக நாளாகும். ஆனால் இறுகிய பின்னும் ஈரத்தை வெளியே விடும். சுவர் சிறிது அசைந்தால் தானும் சிறிது இசைந்து கொடுக்கும்.

சிமெண்டு வலிமை மிக்கது; ஈரத்தை எளிதில் விடாதது. புதுக் கட்டடத்துக்கு இவை நற்பண்புகள். மண்ணாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய பழஞ்சுவரில் இதைப் பூசினாலோ, உள்ளே ஏறிய நீர் வெளியேற வழியின்றி இன்னும் மேலேறுகிறது. இரண்டடியில் நின்ற ஓதம் நான்கடிக்கு வருகிறது. மேலே பூச்சு கெட்டியாய் நிற்க, உள்ளே செங்கல் மாவாய் உதிர்கிறது. மண் சுவராயின் அது இளகிச் சரிவதும் உண்டு. சரிவது இரவாயின் உயிருக்கே கேடு.

எனவே மண் சுவருக்கு மண் பூச்சு. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. சிமெண்டுச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு. பொரிந்த சிமெண்டுப் பூச்சைத் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்கு மெல்லப் பெயர்த்து, ஒரு கோடை முழுவதும் சுவரை உலரவிடுக. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையாற் கூட்டி அள்ளுக. நீர் விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே செல்லும். பெயர்க்கும்போது செங்கல்லே உடைந்து வருமாயின் அந்தப் பகுதியை விட்டுவிடுக. அது தானே தளரும்வரை காத்திருப்பது மேல்.

மண் பூச்சுக்கு: களிப்புள்ள செம்மண்ணும் மணலும் கலந்து, வைக்கோல் துணுக்கும் உமியும் சேர்த்து, சில நாள் நீரில் ஊறவிட்டு மிதித்துக் குழைக்க வேண்டும். முதலில் ஒரு முழச் சதுரம் பூசிப் பாருங்கள். காய்ந்ததும் வெடித்தால் மணலும் வைக்கோலும் போதவில்லை. கை பட்டதும் உதிர்ந்தால் களி போதவில்லை.

சுண்ணாம்புப் பூச்சுக்கு: நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஆற்று மணல் கிடைப்பது அரிதானமையின், பூச்சுக்கென்று சலித்து விற்கும் எம்-சாண்டைப் பயன்படுத்தலாம். உப்புக் கலந்த மணல் எக்காரணத்தாலும் ஆகாது. 20 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள சுவர் 200 சதுர அடி. அரை அங்குலக் கனம் பூச 8⅓ கன அடிச் சாந்து வேண்டும். சேதாரமும் சேர்த்து, மணல் 9 கன அடியும் சுண்ணாம்பு 3 கன அடியும் சேகரிக்கலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்திற் சேர்ப்பது நம் கொத்தனார்களின் மரபு. அவ்வளவை அனுபவமுள்ளவரிடம் கேட்டே சேர்க்க வேண்டும். பூசுமுன் சுவரை நன்கு நனைக்க வேண்டும். பூசிய பின் நேர் வெயில் படாதவாறு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, குறைந்தது ஏழு நாள் பதமாக வைத்திருத்தல் வேண்டும்.

நீற்றும்போது தொட்டியில் முதலில் நீரை நிரப்பி, சுட்ட சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக அதிலிட வேண்டும். அது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இன்றி அருகிற் செல்லலாகாது. கண்ணிற் பட்டால் உடனே தூய நீரால் இருபது நிமிடம் இடைவிடாது கழுவி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கண் பார்வையையே பறிக்கவல்லது அது.

5. தரையும் தறிக்குழியும்

சிமெண்டுக்கும் தக்க இடம் உண்டு என்பதைத் தறிக்குழி காட்டுகிறது. நிலத்தடியில் காற்றுப் படாத ஈரத்தில் வெறும் சுண்ணாம்பு இறுகாது. அங்கே சிமெண்டே ஏற்றது. சித்திரை, வைகாசியில் நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும்போது குழியைச் சற்று அகலப்படுத்தி, அடியில் மூன்று அங்குலக் கான்கிரீட்டு இட்டு, நான்கு புறமும் செங்கல் கட்டி, உட்புறம் ஒன்றுக்கு மூன்று வீதம் சிமெண்டுப் பூச்சுப் பூசலாம். குழியின் விளிம்பைச் சுற்றிச் சிறு வரம்பு எழுப்பினால் தரையிற் சிந்தும் நீர் உள்ளே வடியாது.

ஆனால் ஆண்டுதோறும் ஊற்று நீர் குழியின் அடிமட்டத்துக்கு மேலே வருமாயின், பூச்சு மட்டும் அதை வெல்லாது. நீரின் அழுத்தம் அடித்தளத்தைக் கீழிருந்து தூக்கி வெடிக்கச் செய்யும். அத்தகைய வீட்டில் தரையையே உயர்த்தி, குழியின் ஆழத்தை நீர்மட்டத்துக்கு மேற்கொண்டு வருவதுதான் வழி. தரையை உயர்த்தினால் கதவு நிலையும் தலையிடியும் தடையாகும். அவற்றை முன்னரே அளந்துகொள்ள வேண்டும்.

6. மரமும் கறையானும்

கறையான் நிலத்திலிருந்தே வருகிறது, ஈரத்தையே நாடுகிறது. சுவர் உலர்ந்தால் அதன் வரவு பாதி குறையும். நிலைக்கால் மண்ணைத் தொடாதவாறு அடியில் கல் வைத்தல், சுவரிற் காணும் மண் குழலைத் தட்டி அது மீண்டும் தோன்றுகிறதா என்று பார்த்தல், தறிமரத்தைச் சுவரோடு சேர்த்து வைக்காமை ஆகியவை செலவில்லாக் காப்புகள். நல்ல பழைய தேக்குக் கதவை எறிந்துவிட்டு மெல்லிய புதுக் கதவை வாங்குவது இழப்பு. அடிப்பலகை உளுத்திருந்தால் அதை மட்டும் மாற்றி, வண்ணத்தைச் சுரண்டி, எண்ணெய் பூசினாற் போதும்.

கேரளத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பழைய கதவு, சன்னல், ஓடு ஆகியவற்றைத் தேடிப் பயன்படுத்தியவர். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவிற் கிடைப்பனவாக இருத்தல் நன்று என்ற காந்தியடிகளின் கருத்து தமக்கு வழிகாட்டியதாக அவர் கூறியதுண்டு. பழைய வீட்டைப் புதுக்குவோர்க்கு அப்பொருள்களிற் பெரும்பகுதி ஐந்தடியிலேயே கிடக்கிறது.

வெள்ளையடித்தலும் வண்ணமும் எல்லாவற்றுக்கும் கடைசி. சுண்ணாம்பு வெள்ளையை ஒரே தடிப்பாகப் பூசாமல், நீர்க்கக் கரைத்து மூன்று முறை பூசுக. பிளாஸ்டிக் வண்ணம் சுவரின் மூச்சை அடைப்பதாதலால் பழஞ்சுவருக்கு ஏற்றதன்று.

7. நாமே செய்யத் தகாதவை

சாய்ந்த சுவர், உத்தரம், தாங்கு சுவரில் புதிய வாயில் திறத்தல், மின்சார வேலை ஆகிய நான்கையும் தேர்ந்தவரிடமே விட வேண்டும். குறிப்பாக ஓதம் ஏறிய சுவரில் பழைய மின்கம்பி செல்வது பேராபத்து. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கம்பிகளைச் சோதித்து, மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்திய பின்னரே சுவரை நனைக்கும் வேலையைத் தொடங்குக.

8. கை உழைப்பின் கணக்கு

“நாமே செய்தால் கூலி மிச்சம்” என்பர். இது பாதி உண்மை. தறியை விட்டு இறங்கும் ஒவ்வொரு நாளும் நெசவுக் கூலியில் ஓர் இழப்பு. கணக்கை விளக்குதற்பொருட்டுச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். நெசவாளரின் ஒருநாள் வருவாய் 400 ரூபாய். சித்தாள் கூலி 700 ரூபாய். கொத்தனார் கூலி 1,000 ரூபாய். சித்தாள் வேலையை நெசவாளரே ஒரு நாள் செய்தால் 700 ரூபாய் மிஞ்சி, 400 ரூபாய் இழப்பு, ஆதாயம் 300. கொத்தனார் இரண்டு நாளில் முடிக்கும் பூச்சை நெசவாளர் ஆறு நாளிற் செய்தால் 2,000 ரூபாய் மிஞ்சி, 2,400 இழப்பு, நட்டம் 400. ஆனால் ஒரு பாவு அறுத்து மறு பாவு வரும்வரை தறி சும்மா இருக்கும் நாட்களிற் செய்தால் இழப்பே இல்லை. எனவே எதைச் செய்வது என்பதோடு, எப்போது செய்வது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

பொருள், கூலி, நம் உழைப்பு நாட்கள் என்று மூன்று பத்தியிட்டுக் கணக்கு எழுதுக. ஆண்டு வரிசை இவ்வாறு அமையலாம்: ஐப்பசி, கார்த்திகையிற் பார்வை, தையிற் கூரை, மாசியில் சுவரடியும், பொரிந்த பூச்சைப் பெயர்த்தலும், சித்திரை, வைகாசியில் தறிக்குழி, ஆனியில் மரவேலை, சுவர் உலர்ந்தபின், ஆவணியில் புதுப் பூச்சு, அடுத்த பொங்கலுக்கு வெள்ளை. பூச்சுப் பெயர்த்த சுவர் சில மாதம் அழகின்றி நிற்கும். விருந்தினர் பார்வைக்காக அவசரப்படுதல் வேண்டா.

9. சங்கம் செய்யக்கூடியது

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாகச் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடை, ஒரு பழைய கிடங்கின் கீழ்த்தளத்திலேதான் திறக்கப்பட்டது. புதுக் கட்டடத்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. இருப்பதைச் செப்பனிட்டுக்கொள்வது கூட்டுறவாளருக்குப் புதிதன்று.

ஏணி, சாரக் கம்பு, தூக்குக்குண்டு, ரசமட்டம், தார்ப்பாய் ஆகியவை ஒரு வீட்டுக்கு ஆண்டில் சில நாட்களே வேண்டும். இவற்றை வீடுதோறும் வாங்குவது வீண். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொகுதி வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பையும் ஓட்டையும் மொத்தமாக வாங்கினால் வண்டிக் கூலி குறையும். கூரை பிரிக்கும் நாளில் ஐந்து வீட்டாரும் ஒரு வீட்டுக்கு உழைத்து, கைமாற்றாக அடுத்த வீட்டுக்குச் செல்லலாம். காலையிற் பிரித்த கூரையை மாலைக்குள் மூடிவிடலாம். சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார் ஒருவரைச் சில நாளைக்கு அமர்த்தி, இளைஞர்கள் கற்றுக்கொள்ளச் செய்வது இவற்றுள் தலையாயது. அக்கை மறைந்தால் அக்கல்வியும் மறையும்.

கடன் வேண்டுவோர் சங்கத்தின் துணைவிதிகள் எதற்கு இடமளிக்கின்றன என்பதைச் செயலாளரிடம் முதலிற் கேட்டறிக. தொழிற்கடனை வீட்டுக்குத் திருப்புதல் மட்டும் வேண்டா. வீடு நிற்பது தறி ஓடுவதால். தறி ஓடுவது வீடு நிற்பதால். ஒன்றைக் கெடுத்து மற்றொன்றைக் காக்க இயலாது.

உறுப்பினர் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

(1) உங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் எந்த உயரத்தில் தெரிகிறது? அது மேலிருந்து வருவதா, கீழிருந்து வருவதா?

(2) உங்கள் கூரையின் பரப்பு எத்தனை சதுர அடி? 10 சென்டிமீட்டர் மழையில் எத்தனை லிட்டர் நீர் இறங்கும்? அது எங்கே செல்கிறது?

(3) உங்கள் வீட்டுச் சாந்து எவ்வகையைச் சேர்ந்தது? அதன்மேல் இப்போதுள்ள பூச்சு எவ்வகை?

(4) சென்ற ஆண்டில் உங்கள் தறி சும்மா இருந்த நாட்கள் எத்தனை? அவற்றுள் எத்தனை நாள் வீட்டு வேலைக்குக் கிடைத்திருக்கும்?

(5) உங்கள் தெருவில் ஏணியும் தார்ப்பாயும் பொதுவில் வைத்துக்கொள்ள இசையும் ஐந்து குடும்பங்கள் எவை?

ஐந்தாம் வினாவுக்கு விடை கிடைத்த ஊரில் வேலை தொடங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.